முதுகில் எழுதிய பெயர்

விளையாட்டு வீரர் ஒருவரை நாம் எத்தனை நேரம் பார்க்கிறோம்? இக்காலத்து இருபது ஓவர் கிரிக்கெட் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பந்து வீசுகிறவருக்கு அதில் கிடைப்பது நாலே நாலு ஓவர். அதாவது இருபத்து நாலு பந்து. ஓடி வருகிறார், வீசுகிறார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறார். அந்த இருபத்து நாலு பந்துகளைக் கொண்டு நாம் அவரைத் தெய்வமாகவும் ஆக்கிவிடுகிறோம், மறு வாரமே தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டவும் செய்கிறோம். பந்தைக் கீழே வைத்த பிறகு அந்த மனிதர் யார், வீட்டில் எப்படி இருப்பார், சம்பாதித்த பணத்தை என்ன செய்வார், கை தூக்கிவிட்டவர்களை நினைப்பாரா மறப்பாரா என்ற கேள்விகளை நம்மில் அநேகர் கேட்பதேயில்லை.

ஆனால் உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நாம் கேட்காமல் இருக்க முடியாது. நம் எதிரே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தக அட்டையில் இருப்பது காந்தியடிகளின் படமல்ல. ஏதோ ஒரு கிரிக்கெட் வீரரின் படம். அட்டையில் இருக்கிறவரைப் பார்த்துத்தான் உள்ளே இருக்கிற பிள்ளை வளர்கிறது. ஆகவே அந்த அட்டைப்பட ஆசாமியைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்து வைத்துக்கொள்வது நம் கடமையாகிறது.

அமெரிக்காவில் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போல் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு. அதில் பெரும் புகழ் பெற்றவர் ராபர்ட்டோ கிளமெண்டி. போர்ட்டோ ரிக்கோ தீவிலே பிறந்தவர். 1955 முதல் 1972 வரை பிட்ஸ்பர்க் நகரத்து அணிக்காக ஆடியவர். அந்த ஆட்டத்தில் சரியாக 3000 அடிகள் அவர் கணக்கில் இருக்கின்றன. 1972 டிசம்பரில் நிகராகுவா நாட்டின் தலைநகரைப் பூகம்பம் குலைத்துப் போட்டது. அங்கே அனுப்பிய உதவிப் பொருள்கள் ஏழைகள் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்ட அவர், தாமே கூடப் போய்ச் சேர்ப்பிப்பதென்று டிசம்பர் 31-ஆம் தேதி இரவு சாமான் ஏற்றிய விமானத்தில் ஏறினார். விமானம் கிளம்பிய சற்று நேரத்துக்கெல்லாம் கடலில் விழுந்தது. அவர் திரும்பவில்லை. மைதானத்துக்கு வெளியே நற்பணி செய்யும் பேஸ்பால் வீரருக்கு ஆண்டுதோறும் அவர் பெயரால் அங்கே ஒரு விருது வழங்குகிறார்கள். 3000 அடி அடித்தவர்கள் வேறு சிலரும் உண்டு. அவர்கள் எல்லோர் பெயராலும் குணத்துக்கு விருது கிடையாது.

இப்படிப்பட்ட விஷயத்துக்கு அமெரிக்கா வரை போக வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. சேலம் ஜில்லா வரை போனால் போதும்.

சேலத்துக்கு மேற்கே சின்னப்பம்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே தறியில் சேலை நெய்து தினக்கூலி பெற்று வந்த ஒரு தகப்பனாருக்கும், சாலையோரத்தில் சிறு கடை வைத்துப் பிழைத்த ஒரு தாயாருக்கும் ஐந்து குழந்தைகள். மூத்தவர் 1991-இல் பிறந்த ஸ்ரீ நடராஜன். இருபது வயது வரையில் அவர் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்தைக் கொண்டு ஊர்ப் புறத்தில் ஆடும் கிரிக்கெட்தான். தோல் பந்து என்பது அவருக்கு டெலிவிஷனில் பார்க்கும் வஸ்து. அந்த ஊரிலேயே கிரிக்கெட் பித்துப் பிடித்த ஸ்ரீ ஜெயப்பிரகாஷ் என்பவர், இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டு, பிடிவாதமாய்ச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். 2010-11-ஆம் ஆண்டில் சென்னை லீகில் நாலாவது டிவிஷனில் ஆட இடம் கிடைத்தது. ஏணியில் அது கீழ்ப்படிகளில் ஒன்று.

படிகளை ஏறி, 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் இறங்கினார். ஏறிய வேகத்திலேயே இடி விழுந்தது. பந்து வீசும்போது கை மடங்குகிறது, முறை சந்தேகத்துக்கு உரியது என்று நடுவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். ஒரு பந்து வீச்சாளருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்கள் சிலர் கைகொடுக்க, ஏறத்தாழ ஓராண்டு காலம் கண் மறைவில் இருந்து, எறியும் கையை அடியிலிருந்து திருத்திக்கொண்டு வந்தார். ஒன்றைப் புதிதாய்க் கற்பது எளிது. கற்றுப் பழகியதை மறந்து மீண்டும் கற்பது எவ்வளவு கஷ்டம் என்பது, பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்த முயன்ற எந்த உபாத்தியாயரைக் கேட்டாலும் தெரியும். நடராஜனுடைய சுபாவத்தின் முதல் லட்சணத்தை நாம் இங்கேதான் காண்கிறோம்: குற்றம் சொன்னவர்களோடு அவர் சண்டைக்குப் போகவில்லை; கையோடு சண்டை போட்டார்.

2017-ஆம் ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் அவருக்குக் குறித்த ஆரம்ப விலை பத்து லட்சம். பஞ்சாப் அணி மூன்று கோடி கொடுத்து எடுத்தது. மனிதர்களை ஏலம் போடும் அந்த வழக்கத்தைப் பற்றி நமக்குச் சொந்தமாகச் சில அபிப்பிராயங்கள் உண்டு, அது கிடக்கட்டும். தறிக்காரர் வீட்டில் ஒரே மாலையில் மூன்று கோடி வந்து விழுந்தால் என்ன ஆகும்? நம் ஊர்ப் பக்கம் நிலத்துக்கு நஷ்ட ஈடு வாங்கிய குடும்பங்கள் சிலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். பணம் வந்த வேகத்தில் மோட்டார் வண்டி வந்தது. மோட்டார் வண்டி வந்த வேகத்தில் பணம் போயிற்று. நடராஜன் வீட்டிலோ பெற்றோருக்கு வீடு எழுந்தது, தங்கைகளின் படிப்பு நடந்தது, சின்னப்பம்பட்டிப் பிள்ளைகளுக்கு ஜெயப்பிரகாஷின் துணையோடு ஒரு பயிற்சிக்கூடம் ஏற்பட்டது.

பிறகு தாழ்வு வந்தது. பஞ்சாப் அணியில் ஆட்டம் சோபிக்கவில்லை, விட்டுவிட்டார்கள். 2018-இல் ஹைதராபாத் அணி நாற்பது லட்சத்துக்கு எடுத்தது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஓர் ஆட்டத்தில் கூட இறங்க வாய்ப்பில்லை. மற்றவர்கள் ஆடப் பார்த்துக்கொண்டு இரண்டு ஆண்டு உட்கார்ந்திருந்தார். 2020-இல் இறக்கிவிட்டார்கள். ஆட்டக்காரரின் கால் நுனியில் வந்து குத்தும் யார்க்கர் என்ற பந்தை, மணி அடித்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாய் வீசினார். நவம்பர் 6-ஆம் தேதி அன்று உலகத்திலேயே அஞ்சத்தக்க ஆட்டக்காரராயிருந்த டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்தார். ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையைப் பார்க்க அவரால் போக முடியவில்லை. ஏனென்றால் அங்கிருந்தே ஆஸ்திரேலியாவுக்குப் பிரயாணம்.

ஆஸ்திரேலியாவுக்கு அவரை அழைத்துப் போனது, மற்றவர்கள் பயிற்சி செய்ய வலையில் பந்து வீசும் ஆளாக. சமையற்கட்டுக்கு என்று அழைத்துப் போனவரைப் பந்தியில் உட்கார வைத்த கதையாயிற்று. ஒருவர் பின் ஒருவராய் வீரர்கள் காயமடையவே, டிசம்பர் 2-இல் கான்பெராவில் ஐம்பது ஓவர் ஆட்டம், டிசம்பர் 4-இல் இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்று வகையிலும் இறங்கினார். ஒரே பிரயாணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான இந்தியர் அவருக்கு முன் எவரும் இல்லை. 1988 முதல் ஆஸ்திரேலியா தோல்வியே காணாத பிரிஸ்பேன் மைதானத்தில் இந்தியா அந்த டெஸ்டை ஜயித்தது. முதல் நாள் எதிரிகளின் ஆட்டத்தில் விழுந்த விக்கெட்டுகளில் அவர் பங்கும் உண்டு.

அந்தப் பிரயாணத்தில் இரண்டு காட்சிகள் நம் மனத்தை விட்டு நீங்கவில்லை. இருபது ஓவர் தொடரில் சிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு பெற்ற ஹார்திக் பாண்டியா, அந்தப் பரிசு நடராஜனுக்கே உரியது என்று சொல்லி அவர் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் கூச்சத்தால் நெளிந்தார். மற்றொன்று: முரளி கார்த்திக் அவரைத் தமிழிலேயே பேட்டி கண்டார். சிட்னி மைதானத்து விளக்கொளியில் நின்றுகொண்டு, இந்தியாவின் சட்டையை அணிந்த ஒருவர், சின்னப்பம்பட்டித் தமிழில் உள்ளதை உள்ளபடி சொன்னார். இங்கிலீஷ் வராததால் வாய் திறக்கவே அஞ்சும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தப் பேட்டி அவர்களுக்கு அளித்த தைரியத்தை நாம் நடத்தும் நூறு பாடங்கள் அளித்திருக்க மாட்டா.

ஊர் திரும்பியபோது குதிரை பூட்டிய ரதத்தில் ஏற்றி, மேளம் முழங்க ஊர்வலம் விட்டார்கள். ரதத்தில் ஏறின மனிதனுக்கு இறங்கத் தெரிய வேண்டும், அதுதான் கஷ்டம். நடராஜன் சில நாட்களுக்கெல்லாம் பழனிக்குப் போய் முடி காணிக்கை செலுத்தி, மொட்டைத் தலையோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார். தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா மோட்டார் வண்டி பரிசளித்தபோது, பிரிஸ்பேன் டெஸ்டில் தாம் அணிந்திருந்த சட்டையில் கையெழுத்திட்டு அவருக்கு அனுப்பி வைத்தார். விலை மதிப்பைப் பார்த்தால் வண்டியே உயர்ந்தது. ஆனால் வாங்கியதற்கு ஈடாக நம்மிடம் இருப்பதிலே அருமையான ஒன்றைக் கொடுப்பது என்பது நம் கிராமத்து வழக்கம். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டோம் அல்லவா?

இவை யாவற்றையும்விட நமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஆட்டக்காரர்களின் சட்டை முதுகில் அவரவர் பெயரை எழுதியிருப்பார்கள். நடராஜன் தம் முதுகில் எழுதிக்கொண்டது ‘ஜே.பி. நட்டு’ என்று. ஜே.பி. என்பது ஜெயப்பிரகாஷ். தமிழர்களாகிய நமக்கு இதன் பொருள் சட்டென்று விளங்கும். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து தகப்பனாருக்கு உரியது. அந்த ஸ்தானத்தில் இன்னொருவரை வைப்பதென்றால், அவரைத் தகப்பனாக ஒப்புக்கொண்டதாக அர்த்தம். செய்ந்நன்றி அறிதலுக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் அந்தச் சட்டையைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். முதுகில் எழுதிய பெயரை எழுதியவரால் பார்க்க முடியாது. பின்னால் வருகிறவர்கள்தான் பார்ப்பார்கள். நன்றியும் அப்படித்தான் இருக்க வேண்டும் போலும்.

2021 ஏப்ரலில் முழங்காலில் ரண சிகிச்சை நடந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் இந்திய அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ரதம் ஓட்டியவர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். அந்த வெறுமையான காலத்தில்தான், 2023 ஜூன் மாதம், சின்னப்பம்பட்டியில் சொந்த முயற்சியால் ஒரு முழு கிரிக்கெட் மைதானத்தை அமைத்து முடித்தார்; தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். அதே ஊரிலிருந்து பெரியசாமி என்ற இன்னொரு வேகப் பந்து வீச்சாளர் தமிழ்நாடு பிரிமியர் லீகில் பெயர் எடுத்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 2024 நவம்பர் ஏலத்தில் டில்லி அணி நடராஜனைப் பத்தே முக்கால் கோடிக்கு எடுத்தது. பணம் மறுபடி வந்தது. ஆனால் மைதானம் அதற்கு முன்பே வந்துவிட்டது. கடனை வசதி வந்த பிறகு தீர்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

நிற்க. பணத்துக்காக ஆடுகிறவர்களிடம் குணத்தைத் தேடலாமா, அந்தக் காலத்து வீரர்கள் ஆட்டத்தை ஆட்டமாகவே ஆடினார்களே என்று பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்து வீரர் ஒருவரையும் பார்த்துவிடுவோம். மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் 1909-இல் பிறந்தவர். 1997-இல் தனி ஜில்லா ஆகும் வரை நம் திருவள்ளூர் எந்தச் செங்கற்பட்டைச் சேர்ந்திருந்ததோ, அந்தச் செங்கற்பட்டுக்காரர். 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் தொடங்கி ஒரே நாளில் முடிந்த முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில், முதல் பந்தை வீசிய கை அவருடையது. கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடினார். 1935-இல் தியான்சந்தோடு நியூசிலாந்துக்கு ஹாக்கி ஆடப் போனவர், 1936-இல் ஒலிம்பிக் ஹாக்கியை விட்டுவிட்டுக் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஹாக்கிக்காரர்கள் பெர்லினிலிருந்து தங்கப் பதக்கத்தோடு வந்தார்கள்.

இத்தனை ஆடியவருக்குச் சோறு போட்டது எது? மைதானமல்ல, பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் உத்தியோகம். அவர் திறமையைக் கண்டு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரக் கிரிக்கெட் வீரர். ஆக, கோபாலனுக்கும் ஒரு ஜே.பி. இருந்தார். 2003 டிசம்பரில் தமது தொண்ணூற்று நாலாவது வயதில் அவர் காலமானார். அவர் காலத்தில் ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை. ஆகவே உத்தியோகமோ ராஜாக்களின் தயவோ இல்லாத ஏழை ஆடியிருக்க முடியாது. தறிக்காரர் மகன் நெய்த சேலைக்குக் கூலி வாங்குவது போல் எறிந்த பந்துக்கும் கூலி வாங்குவது குற்றமாகாது. கூலி வாங்குவதால் ஒருவன் குணம் கெடுவதில்லை. கூலி வந்த பின் அவன் யாரை மறக்கிறான் என்பதிலேதான் கெடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே மின்சார ரயிலில் வந்தால் கும்மிடிப்பூண்டி. ஒருபுறம் கல்கத்தா போகும் ரயில் பாதை, மற்றொருபுறம் கல்கத்தா போகும் பெருஞ்சாலை; இரண்டையும் ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பு உருக்கும் ஆலைகள், புகை, லாரிகள், மூன்று ஷிப்டு. ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலி மனைகளில் ஒன்றாய்க் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பாஷை வேறானாலும் ‘அவுட்டா, இல்லையா’ என்ற சண்டை மட்டும் பொது பாஷையில் நடக்கிறது. வருஷத்துக்கு வருஷம் காலி மனைகள் குறைகின்றன. சென்ற ஆண்டு விக்கெட் நட்ட இடத்தில் இந்த ஆண்டு சுற்றுச்சுவர் நிற்கிறது.

நம் வகுப்பில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் இடது கையால் வேகமாய்ப் பந்து வீசுவான். அவன் தகப்பனார் ஓர் ஆலையில் ஒப்பந்தக் கூலி. ஒரு நாள் இரவு ஷிப்டு முடிந்து, வீட்டுக்கும் போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

“சார், இவன் படிப்பை விட்டுட்டு மெட்ராஸ் போறேங்கறான். கேட்டா, நடராஜன் ஆகலையா அப்படீங்கறான். நான் இன்னும் எத்தனை நாளைக்கு அந்த உலைக்கு முன்னாடி நிக்க முடியும்? நீங்க சொன்னா கேப்பான். நீங்களே சொல்லுங்க” என்றார்.

‘ஆகாதே’ என்று சொல்வது நமக்குச் சுலபம். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையிடம் அவனுடைய ஆசையைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நாம் எதை வைக்கப் போகிறோம்? பையனை அழைத்து, மேலே சொன்ன வரலாற்றை வயதோடு சேர்த்துக் கரும்பலகையில் எழுதினோம். “இதோ பார், தம்பி. நடராஜன் சென்னை லீகில் கீழ்ப்படி ஒன்றில் கால் வைத்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபது. பெரிய பணம் வந்தது இருபத்தைந்துக்கு மேல். அதன் பிறகும் இரண்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். உனக்குப் பதினேழு. இன்னும் சில மாதத்தில் முடிகிற பரீட்சையை விட்டுவிட்டு ஓட இங்கே என்ன அவசரம்? அவரைப் போல் ஆக வேண்டுமானால் முதலில் அவரைப் போல் காத்திருக்கக் கற்றுக்கொள்” என்றோம். பையன் பலகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அவருக்கு ஜெயப்பிரகாஷ் இருந்தார், சார். எனக்கு யார் இருக்கா?” என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வாயால் சொல்லக் கூடியதல்ல. சென்னை லீகில் ஆடும் ஒரு சங்கத்தில் நமக்குத் தெரிந்தவருக்குக் கடிதம் எழுதினோம். பரீட்சை எழுதி முடிப்பது என்ற நிபந்தனையின் பேரில், சனிக்கிழமை தோறும் பையன் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் வலையில் பந்து வீசி வருகிறான். ரயில் சீட்டுக்குத் தகப்பனார் பாதி, நாம் பாதி. அவன் வீரனாவானா, ஆலைக்குப் போவானா, அல்லது நம்மைப் போல் சாக்குக்கட்டி பிடிப்பானா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் ரதம் கிடைக்கும். மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது பேருக்கும் வாழ்க்கை இருக்கிறது. அந்த வாழ்க்கையில் உதவப் போவது யார்க்கர் அல்ல. குற்றம் கண்ட கையைத் திருத்திக்கொள்ளும் பொறுமையும், தூக்கிவிட்டவரை மறவாத நெஞ்சும்தான்.

கும்மிடிப்பூண்டியின் ஆலை முதலாளிகளுக்கும், ஊராட்சிப் பெரியவர்களுக்கும், இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பத்தினருக்கும் நமது விண்ணப்பம் ஒன்று உண்டு. ஒரு தறிக்காரர் மகன், இந்திய அணியில் இடம் கிடைக்காத காலத்தில் தன் கிராமத்துக்கு ஒரு மைதானம் அமைத்துக் கொடுக்க முடிந்தது. எத்தனையோ ஏக்கரில் இரும்பு உருக்கும் நம் ஊரில், சுற்றுச்சுவர் எழாத நாலு ஏக்கரைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைக்க முடியாதா? நம் பிள்ளைகளில் எவன் நடராஜன் என்பதை நாம் அறியோம். ஆனால் அவனுக்கு ஜே.பி.யாக இருப்பது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அதற்கு வேகமாய் ஓடத் தெரிய வேண்டியதில்லை; பந்தைப் பிடிக்கத் தெரிய வேண்டியதுமில்லை. வெயிலில் ஒரு பையன் தனியாய்ப் பந்து எறிந்துகொண்டிருப்பதைக் கண்டால், கடந்து போகாமல் ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் போதும்.